நாரைகளும் என் நேர்க்கயிறும்

போன வாரம் எங்கள் வீதியில் முனிசிபாலிட்டி ஆட்கள் மரக்கன்று நட்டார்கள். கயிறு கட்டி, அதன் வழியே சுண்ணாம்புத் தூள் தூவி, "சார், நேரா இருக்கா பாருங்க" என்று என்னைக் கேட்டார்கள். ஈரமண்ணும் சுண்ணாம்பும் கலந்த வாசனை மூக்கில் ஏறியது. நேர்கோட்டைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல என்னைவிடத் தகுதி குறைந்தவன் புதுச்சேரியில் கிடையாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் நான் பிரெஞ்சு சர்க்காரின் மராமத்து இலாகாவில் குமாஸ்தா. சேதராப்பட்டுக்குப் போகிற வழியில் ஓர் ஏரி. அதிலிருந்த கருவேல மரங்களையெல்லாம் ஒரு புயல் சாய்த்துவிட்டது. கூடு கட்ட இடமில்லாமல் நாரைகள் இரண்டு வருஷமாக வரவில்லை. எங்கள் அதிகாரிக்குப் பறவைகள் என்றால் உயிர். (பார்ப்பதற்கா, சாப்பிடுவதற்கா என்று கேட்கும் தைரியம் எனக்கில்லை.) கோடையில் ஏரி வற்றியதும், மரம் வைக்க என்னை அனுப்பினார்.

கூலியாட்களுக்குத் தலைவி அந்தோணியம்மாள்; என் வயதுதான் இருக்கும். ஏரிக்குக் கீழே அவளுக்கு ஒரு துண்டு நிலம் உண்டு. "நாரை எச்சம் கலந்த தண்ணி பாஞ்சாத்தான் முசியே எங்க நெல்லு தலையெடுக்கும். ரெண்டு வருசமா வெறும் வைக்கோலத்தான் அறுக்கறேன்" என்றாள். பிரெஞ்சு சர்க்கார் ஆள் யாரானாலும் அவளுக்கு 'முசியே'தான், அதாவது ஐயா.

நான் அனுதாபத்துடன் கயிற்றைப் பிரித்தேன்.

கடற்கரைக்குப் போகும் நேர்வீதிகளைப் பார்த்தே வளர்ந்தவனுக்குக் கோணல் என்றால் கண்ணில் குத்தும். ஏரித் தரையில் வரிசை வரிசையாகப் பூவரசங்கன்றுகளை வைத்தேன். அவளோ நடுவில் வண்டலை மேடு மேடாகக் குவித்து, ஆட்டுப்பட்டிக் குப்பையை அதில் கொட்டிக்கொண்டிருந்தாள். ஆடு தின்று போட்ட கருவேல விதை சட்டென்று முளைக்குமாம்.

"இதென்ன கயித்துக்கு வெளியே? கலைச்சிடு."

"இருக்கட்டும் முசியே. மழ பேஞ்சா தண்ணி உங்க கயித்தப் பாத்தா நிக்கும்?"

கலைக்க வைத்தேன். ஒரே ஒரு மேடு தப்பியது. என் பெருந்தன்மை என்று எண்ண வேண்டாம். மதியச் சாப்பாட்டு நேரமாகிவிட்டது.

ஐப்பசியில் ஏரி நிரம்பியது. என் பூவரசுகள் வரிசை குலையாமல் மூழ்கின. அந்த ஒரு மேடு மட்டும் தலை நீட்டிக்கொண்டு நின்றது.

ஐந்தாறு வருஷம் கழித்து, ஒரு மார்கழியில் சைக்கிளில் அந்தப் பக்கம் போனேன். மேட்டில் ஏழெட்டுக் கருவேல மரங்கள், ஆளுக்கொரு திசையில் சாய்ந்துகொண்டு. கிளைக்குக் கிளை நாரை. கரைக்குக் கீழே நெல் கருகருவென்று நின்றது. வயலிலிருந்து அந்தோணியம்மாள் கத்தினாள்:

"முசியே, நாரைங்க வரிசையா ஒக்காரல பாருங்க! கயிறு எடுத்தாரட்டா?"

வயலே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய?

யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரியில் பஸ் ஓடியதே, அந்தக் கரிக்கு அந்த மரங்களும் போயின. நாரைகள் வேறு ஏரி பார்த்துக்கொண்டன. அந்தோணியம்மாள் நிலத்தை விட்டுவிட்டு, மகனோடு சைகோனுக்குக் கப்பலேறினாள்.

"ரொம்ப நேரா இருக்குப்பா" என்றேன் முனிசிபாலிட்டி ஆளிடம். அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். சிரிக்க வேண்டியவள் சைகோனில் இருக்கிறாள்.