கையில் உறைந்த ஐஸ்

என் மகள் இரண்டு ஐஸ் கட்டிகளைச் சேர்த்து அழுத்திப் பிடித்துவிட்டுக் கையைத் திறந்து காட்டினாள். இரண்டும் ஒட்டியிருந்தன.

“அழுத்துனா நடுவுல கொஞ்சம் உருகும்மா. வுட்டா திரும்ப உறைஞ்சிக்கும். ஸ்கூல்ல சொன்னாங்க.”

பழவேற்காட்டில் சிறுமியாக இருந்தபோதே இதை நான் பார்த்திருக்கிறேன். அம்மா இறால் உரிக்கும் கொட்டகையில் வேலை செய்தாள். ஒருநாள் பள்ளி விட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கூடையில் போட, உடைத்த ஐஸை அவள் இரு கைகளாலும் அள்ளியபோது, சித்தப்பா ஈர லுங்கியோடு ஓடி வந்தார்.

“அண்ணி, முகத்துவாரத்துல படகு கவுந்துடுச்சி. அண்ணன் போய்ட்டாரு.”

கொட்டகையே அலறியது. அம்மா மட்டும் கைகளை இறுக்கியபடி நின்றாள். விரலிடுக்கில் தண்ணீர் சொட்டியது. கூட வேலை செய்த பெரியம்மா அந்தக் கைகளைப் பிரித்தாள். சில்லுகளெல்லாம் ஒரே கட்டியாகியிருந்தன. அதன்மேல் அம்மாவின் விரல்தடங்கள் பதிந்திருந்தன.

“அழுதுடுடி” என்று பெரியம்மா அவளை உலுக்கினாள்.

“கை மரத்துப்போச்சிக்கா” என்றாள் அம்மா. “இன்னா நடக்குதுன்னே தெரியல.”

அப்பாவின் காரியம் முடிந்த மறுநாளே அவள் இறால் உரிக்கப் போனாள். அவள் அழுது நான் இன்றுவரை பார்த்ததில்லை.