ஆறு நாள் அவதி

திருநெல்வேலி ஜங்ஷனில் விடிந்தும் விடியாமலும் ரயில் வந்து நின்றது. எங்கள் கம்பெனியின் வெள்ளைக்காரத் துரை முதல் வகுப்பிலிருந்து இறங்கினார். நான் மூன்றாம் வகுப்பிலிருந்து இறங்கி, அவருடைய பெட்டிகளை எண்ணிப் பார்த்து, சுமைக்கூலி பேசி, அவரை வாடகைக் காரில் ஏற்றிவிட்டேன். ரங்கூனிலிருந்து சென்னைக்கு வந்த கப்பலிலும் இதே ஏற்பாடுதான். அவருக்குக் காற்று வரும் அறை. எனக்கு எல்லோருடைய மூச்சும் வரும் கீழ்த்தளம்.

வாசகர்கள் நான் அவருடைய குமாஸ்தா என்று நினைத்துவிடக் கூடாது. நாங்கள் இருவரும் ஒரே கம்பெனியில் ஒரே வேலை பார்க்கிறவர்கள். பர்மாவில் ஐராவதிக் கரையில் மண்ணெண்ணெய்க் கிணறு தோண்டும் கம்பெனி அது. எங்கே தோண்டினால் எண்ணெய் வரும், எங்கே தோண்டினால் பணம் பாழ் என்று பாறையைப் படித்துச் சொல்வது எங்கள் தொழில். துரையின் உத்தியோகப் பெயர் ஜியாலஜிஸ்ட். மாதம் தொள்ளாயிரம் ரூபாய். என் உத்தியோகப் பெயர் உதவி ஜியாலஜிஸ்ட், நூற்றிருபத்தைந்து. 'உதவி' என்கிற மூன்றெழுத்துக்கு எழுநூற்று எழுபத்தைந்து ரூபாய் விலை. தமிழில் இவ்வளவு விலையுயர்ந்த வார்த்தை வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

நாஞ்சில் நாட்டில் பிள்ளைமார் ஒருவரின் வயலில் எண்ணெய் ஊறுகிறது என்று எங்கள் கம்பெனிக்குச் செய்தி வந்திருந்தது. அது என் சொந்தச் சீமை. அங்கே பூமிக்கடியில் இருப்பது வெந்து இறுகிய பழங்கற்பாறை; அதில் எண்ணெய் ஊறாது என்று ரங்கூனிலேயே சொன்னேன். துரை புன்னகை செய்து, "நேரில் பார்த்துவிட்டுச் சொல்வோம். நீயும் வா. திரும்பியதும் உன்னை முழு ஜியாலஜிஸ்டாக ஆக்கும்படி நான் சொல்கிறேன்" என்றார்.

முழு உத்தியோகம் கிடைத்தால் சம்பளம் மட்டுமல்ல, ஆற்றங்கரையில் ஒரு பலகை வீடும் கிடைக்கும். உதவிகளாகிய எங்களுக்கு வரிசையாகக் கட்டிய அறைகள். அங்கே பெண்டு பிள்ளைகளுக்கு இடமில்லை. நான் என் மனைவி ஞானம்மாளோடு ஒரு கூரையின் கீழ் குடித்தனம் செய்து மூன்று வருஷமாகிறது. அந்த வீட்டுக்காகத்தான் இந்தப் பயணம். எண்ணெய்க்காக அல்ல.

காலை எட்டு மணிக்கு நாகர்கோவில் பஸ் புறப்பட்டது. ஐம்பது மைல், கட்டணம் ஒன்றேகால் ரூபாய். கல் உடைக்கும் சுத்தியல்களும் கருவிகளும் இருந்த பெட்டி என் மடியில். டிரைவர் பக்கத்தில் இடம் கிடைத்தது. வள்ளியூர் தாண்டியதும் அவர் ஆரம்பித்தார்.

"அண்ணாச்சிக்கு எங்க வேலை?"

"பர்மாவுல."

"சம்பளம் எம்பிடு?"

எங்கள் ஊரில் பெயரைக் கேட்பதற்கு முன் இதைக் கேட்பார்கள். சொன்னேன்.

"கிம்பளம்?"

"ஒண்ணுமில்ல."

"பூமிக்குள்ள கெடக்க எண்ணெயக் காட்டிக் குடுக்கிய. ஒரு கொடம் கூடவா வீட்டுக்கு வராது?" அவருக்கு என்மேல் நிஜமாகவே இரக்கம் வந்துவிட்டது. "எனக்குச் சம்பளம் பதினெட்டுதான். ஆனா வழியில கைநீட்டி ஏறுகவன் குடுக்கது எனக்குள்ளது. ராத்திரி பொண்டாட்டி பிள்ளையளோட இருந்து கஞ்சி குடிக்கேன்லா."

ஜன்னல் வழியாகப் பனைமரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று பஸ்ஸைப் பிடித்துத் தள்ளியது. அங்கே திருவிதாங்கூர் ராஜ்யத்துச் சுங்கச் சவுக்கை. சேவகன் என் பெட்டியைத் திறந்து சுத்தியலை எடுத்துத் தூக்கிப் பார்த்தான். "வெளிராஜ்யத்துச் சாதனம். தீருவை கெட்டணும்" என்றான். நான் பிறந்த மண் ஒன்பது மைலில் இருக்க, வாசலில் நின்று அரைமணி நேரம் வாதாடினேன். துரையின் காருக்குச் சலாம் போட்டு வழிவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். காப்பிக் கடையில் பிரிட்டிஷ் ரூபாயை மாற்றியபோது எங்கள் ராஜ்யத்துக் காசில் இருபத்தெட்டரைச் சக்கரம் கொடுத்தார்கள். எங்கள் ராஜ்யத்து ரூபாய்க்கு இருபத்தெட்டுதான் கணக்கு. பெயர் இரண்டுக்கும் ரூபாய்தான். எந்தச் சர்க்காருடையது என்பதில் அரைச் சக்கரம் வித்தியாசம். அரைச் சக்கரத்தோடு நிறுத்திக்கொண்டார்களே, நல்ல மனிதர்கள்.

மதியம் நாகர்கோவில். வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஒரு புதிய தகரப் பெட்டி. ஞானம்மாள் மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மா. ரங்கூனிலிருந்து நான் எழுதிய கடிதத்தைப் பார்த்ததுமே வேலையை விட்டுவிட்டிருந்தாள், அவள் இடத்துக்கு மார்த்தாண்டத்திலிருந்து வேறொருத்தி வந்து சேர்ந்தும்விட்டாள். பசுவை விற்றாகிவிட்டது. பெட்டிக்குள் கருப்பட்டி, உப்பிலிட்ட மாங்காய், எனக்கு இரண்டு பனியன்.

"அங்க மீன் கிட்டும் இல்லியா?" என்று கேட்டாள்.

"ஆத்துமீன் கிட்டும்."

"ஆத்துமீனா?" முகத்தைச் சுளித்தாள். பிறகு, "செரி, பழகிக்கிடலாம். போறது ஒறப்புதானே?"

"தொரை வாக்குத் தந்திருக்காரு."

அவள் பெட்டியை மூடி, அதன்மேல் உட்கார்ந்து பார்த்தாள், பூட்டு விழுகிறதா என்று.

மறுநாள் காலை பூதப்பாண்டிச் சாலையில் துரையின் காரில் போனோம். கருவிப் பெட்டி எனக்குத்தான் வழக்கம் என்பதால் நான் முன்னால், டிரைவர் அருகில். அவரும் முதலில் கேட்டது சம்பளத்தைத்தான், என்னுடையதையும் துரையுடையதையும்; சொன்னேன். ஊர்ப்பெயரையும் பிள்ளையின் பெயரையும் எழுதவில்லை. அவர் என்னிடம் ஒரு குற்றமும் செய்யவில்லை. துரைக்கு நாற்காலி வந்தது. எனக்கு எதைக் கொடுப்பது என்று பிள்ளை யோசித்தார், யோசித்துக்கொண்டே இருந்தார். நான் நின்றேன்.

வயலின் மேல்கோடியில், மலையடிவாரத்துச் செம்மண் கரைக்குக் கீழே, சின்னதாக ஒரு ஊற்று. தண்ணீரின் மேல் நீலமும் சிவப்புமாக ஒரு படலம் மின்னிக்கொண்டிருந்தது. அழகாகத்தான் இருந்தது. பிள்ளை குரலைத் தாழ்த்தி, "வெளக்குல ஊத்திப் பாத்தேன் சாரே, கத்தல்ல, திரியில தீயே பிடிக்கல்ல. இன்னும் மூப்பு வரல்லேன்னு நெனைக்கேன்" என்றார்.

நெல் முற்றவில்லை என்று சொல்வதுபோல எண்ணெய் முற்றவில்லை என்கிறார்! எங்கள் நாட்டில் வருஷத்துக்கு இரண்டு போகம். ஒன்று கன்னிப்பூ, மற்றது கும்பப்பூ. அவர் மேலும் கேட்டார்: "கன்னிப்பூவுக்கு எடுக்கலாமா, கும்பப்பூவுக்குத்தான் ஆகுமா? தொரைகிட்ட கேட்டுச் சொல்லும்."

நான் ஒரு பச்சைக் குச்சியை ஒடித்துப் படலத்தைக் கிழித்தேன். எண்ணெயாக இருந்தால் கிழிந்த இடம் ஓடிவந்து மூடிக்கொள்ளும். இது அப்பளம் போலத் துண்டு துண்டாக நொறுங்கித் தனித்தனியே மிதந்தது. செம்மண்ணிலிருந்து வடியும் இரும்பு; வெறும் துருப் படலம். துரை என் கையிலிருந்து குச்சியை வாங்கினார், அவரும் கிழித்தார், அவருக்கும் நொறுங்கியது. என் குச்சிக்கு நூற்றிருபத்தைந்து, அவர் குச்சிக்குத் தொள்ளாயிரம். குச்சி என்னவோ ஒன்றுதான்.

எண்ணெய் இல்லை என்று பிள்ளையிடம் சொன்னேன். அவர் என்னை வரப்போரம் கூட்டிக்கொண்டு போனார்.

"ஓய் சாரே, கோட்டாத்து யாவாரி ஒருத்தன் இந்த வயல வாங்க நிக்கான். எண்ணெய் உண்டும்னு தொரை ஒரு வாக்கு எழுதித் தந்தாப் போரும். தொரைக்கு ஐநூறு. ஒமக்கு அம்பது."

"எனக்கு எதுக்கு அம்பது?"

"கொறச்சலோ?" உண்மையாகவே சங்கடப்பட்டார். "ஒங்க கார் டிரைவர்ட்ட ரெண்டு பேருக்க சம்பளமும் கேட்டுட்டுத்தான் கணக்குப் போட்டேன். ஆளுக்க சம்பளம் போலத்தானே குடுக்க முடியும்?"

மனக்கணக்குப் போட்டுப் பார்த்தேன். சம்பள விகிதப்படி எனக்கு அறுபத்தொன்பது வரவேண்டும். லஞ்சத்திலும் குறைத்துவிட்டார்.

கேட்டதை மொழிபெயர்க்கத்தானே என்னைக் கூட்டி வந்தது? மொழிபெயர்த்தேன். துரை உரக்கச் சிரித்தார். "உனக்கு எவ்வளவு?" என்று கேட்டார். சொன்னேன். முன்னைவிட உரக்கச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அதனால்தான் எனக்குப் பொறுக்கவில்லை. முடியாது என்று பிள்ளையிடம் அவர் சார்பாகவும் என் சார்பாகவும் சொன்னேன்.

"அப்பம் ஒண்ணு கேக்கட்டா?" என்றார் பிள்ளை. "எண்ணெய் இல்லேன்னு சொன்னாலும் ஒங்களுக்குச் சம்பளம் உண்டா?"

"உண்டு."

"வெளையல்லேன்னாலும் கூலி!" என்று தலையை ஆட்டிக்கொண்டு போனார். எங்கள் தொழிலைப் பற்றிப் பொறாமையோடு யாராவது பேசி நான் கேட்டது அன்று ஒரு தடவைதான்.

வேலை முடிந்துவிட்டது. ஆனாலும் துரை கன்னியாகுமரிக்குப் போகச் சொன்னார். நாகர்கோவிலிலிருந்து பன்னிரண்டு மைல். அங்கே விருந்தினர் பங்களாவில் அறை முன்கூட்டியே ஏற்பாடாகியிருந்தது. நீந்துவதற்கான உடுப்பும் அவர் பெட்டியில் இருந்தது. ரங்கூனில் அவர் ஏன் புன்னகை செய்தார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் பார்க்க வந்தது எண்ணெயை அல்ல, முக்கடலை.

மூன்று நாள் அவர் குளித்தார், மணல் பொறுக்கினார், படம் வரைந்தார். பக்கத்துச் சத்திரத்தில் நான் காத்திருந்தேன். ஐந்தாம் நாள் சாயங்காலம், சூரியன் கடலில் இறங்கும் நேரம், அவர் நல்ல மனநிலையில் இருப்பதைப் பார்த்து என் விஷயத்தைக் கேட்டேன்.

நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பொறுமையாக விளக்கினார். முழு உத்தியோகத்துக்கு ஆள் எடுப்பது லண்டனில். நான் சேர்ந்தது ரங்கூனில். அதனால் என் சம்பளம் ரங்கூன் சம்பளம். தவிர, தொள்ளாயிரத்தில் பாதிக்குமேல் வீட்டை விட்டுத் தூரதேசத்தில் கிடப்பதற்கான படி. எனக்கு அது எப்படிப் பொருந்தும்? பர்மாவும் இந்தியாவும் ஒரே சர்க்கார். ஆகவே பர்மாவில் இருக்கும்போது நான் வீட்டில்தான் இருக்கிறேன்.

"என் வீடு திருவிதாங்கூரில் இருக்கிறது. அது மகாராஜாவின் ராஜ்யம். என் சுத்தியலுக்கே தீருவை கேட்டார்கள்" என்றேன்.

"நல்ல வாதம்," என்று ஒப்புக்கொண்டார். "ஆனால் சந்தையில் எண்ணெய் விலை விழுந்து கிடக்கிறது. இப்போது எதுவும் நடக்காது."

விலை விழுந்ததும் எல்லோருக்கும் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு வெட்டினார்கள், சமமாக. அவர் வீட்டில் குதிரையை விற்றார்கள். நான் மதியச் சாப்பாட்டில் மீனை விட்டேன். எண்ணெய் விலை ஏறியபோது சமமாக ஏற்றியதாக எனக்கு நினைவில்லை. படிப்பு, அனுபவம், பாறையைப் பார்க்கும் கண் எல்லாம் சம்பளத்தைத் தீர்மானிக்கும் என்று கல்லூரியில் சொல்லித் தந்தார்கள். அவையெல்லாம் வேலை நடக்கத்தான் வேண்டும். சம்பளத்தை நிர்ணயிப்பது எந்தத் துறைமுகத்தில் கப்பலேறினாய் என்பது.

எழுந்து நடந்தேன். துரை கூப்பிட்டார்.

"இன்னொன்று. இந்த ஆறு நாளை ஆபீஸில் உன் விடுமுறையாக எழுதியிருக்கிறார்கள், சம்பளமில்லாமல். நீ சொந்த ஊருக்கு வந்திருக்கிறாய் அல்லவா?"

"நீங்கள்?"

"நான் வேலையாக வந்திருக்கிறேன்," என்றார் துரை, காலில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டு.

ஆறாம் நாள் காலை, கருவிப் பெட்டியோடு முன்னால் போகச் சொல்லி என்னை அனுப்பினார். பகல் பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. வீட்டுக்குப் போனேன். ஞானம்மாள் வெளுத்த சேலை உடுத்தி, தலைவாரி, தகரப் பெட்டியை வாசலருகே இழுத்து வைத்திருந்தாள். நான் எதுவும் சொல்வதற்கு முன்பே என் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

"வீடு இல்லியா?"

"இல்ல."

"எனக்க வேலையும் போச்சே," என்றாள். அழவில்லை. "தொரை என்னதான் சொன்னாரு?"

எல்லாவற்றையும் சொன்னேன். ஆறு நாளை அவதியாக எழுதிக்கொண்டதையும் சொன்னேன். எங்கள் ஊரில் விடுமுறைக்கு அவதி என்று பெயர். மலையாளத்திலிருந்து வந்த வார்த்தை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் "நாளைக்கு அவதி" என்று குதித்துக்கொண்டு ஓடும். சென்னையில் நான் படித்தபோது, ஒரு வாரம் அவதி என்று சொல்லப்போய், என்ன கஷ்டம், யாருக்கு உடம்பு சரியில்லை என்று நண்பர்கள் பதறியிருக்கிறார்கள். இத்தனை வருஷத்தில் இரண்டு அர்த்தமும் ஒன்றாகச் சேர்ந்து வந்து நான் பார்த்தது அன்றுதான்.

அவள் பெட்டியைத் திறந்து பனியன் இரண்டையும் எடுத்து என்னிடம் தந்தாள். கருப்பட்டியைத் திரும்ப அடுக்களைக்குக் கொண்டுபோனாள். சோறு போட்டாள். ஊர்மீன்தான், சாளை. நான் தின்றேன், ருசி தெரிந்தது, அதற்காக என்மேலேயே கோபம் வந்தது.

கோட்டாறு பஸ் நிற்கும் இடம் வரை கூட வந்தாள். கடைத்தெருவில் தெரிந்தவர்கள் எதிர்ப்பட்டு, "வாத்தியாரம்மா, பர்மாவுக்கா?" என்று கேட்டார்கள். "அவியோ மட்டும்," என்று ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னாள்.

பர்மாவில் என்னைப் பார்த்து, நீ வீட்டில்தானே இருக்கிறாய் என்கிறார்கள். வீட்டுக்கு வந்தால் வேலையில் இல்லை என்கிறார்கள். இரண்டு இடத்திலும் ஒரு மனிதன் முழுசாக இருக்க எவ்வளவு சம்பளம் வேண்டும் என்பதை எந்தக் கம்பெனியும் கணக்கிட்டதாகத் தெரியவில்லை.

பஸ் உறுமியது. நான் ஏறி உட்கார்ந்தேன். அவள் ஜன்னலுக்குக் கீழே நின்று, பெட்டியைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள், பனியனைச் சுடுநீரில் போட வேண்டாம் என்றாள். பஸ் நகர்ந்தபோது, வெளியூர்ச் சொந்தக்காரரை வழியனுப்புகிற அதே மரியாதையோடு சொன்னாள்:

"அடுத்த அவதிக்கு வாங்க."