கணக்கு வேண்டாம் என்ற ஒரே படிப்பு

போன வாரம் ஆதார் அட்டையை நகலெடுக்கத் திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்றிருந்தேன். இயந்திரத்திலிருந்து வந்த தாள் கையில் சுட்டது. லேசாகக் கருகிய மாதிரி ஒரு வாசனை. என்னை அறியாமல் அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டேன். கடைக்காரப் பெண் ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அவளிடம் என்னத்தைச் சொல்ல? உங்களிடம் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடை. பிளஸ் டூ முடித்திருந்தோம், நானும் ஜெசிந்தாவும். வேடசந்தூர்ப் பக்கம் ஒரே தெரு, ஒரே பள்ளிக்கூடம். கல்லூரியிலும் ஒரே பெஞ்சில்தான் உட்காருவது என்று முடிவு செய்திருந்தோம். இருவர் வீட்டிலும் கல்லூரிப் பக்கம் போனவர்கள் யாருமில்லை என்பதால் முடிவுகளை எடுப்பதில் எங்களுக்குப் பெரிய தடையும் இல்லை.

கல்லூரிகளின் விவரப் புத்தகத்தை ஒருத்தி வாங்குவாள், இன்னொருத்தி நகலெடுத்துக்கொள்வாள். தாளின் சூடு ஆறுவதற்குள் பேருந்திலேயே படிக்கத் தொடங்கிவிடுவோம். 'தகுதி' என்ற பகுதியில்தான் வினை இருந்தது. நான் கணக்கைப் பத்தாம் வகுப்போடு கும்பிட்டு அனுப்பிவைத்தவள். பிளஸ் டூவில் தாவரமும் விலங்கும் படித்தேன். ஜெசிந்தாவுக்குக் கணக்குதான் உயிர். தவளையைக் கண்டால் அலறுவாள். கம்ப்யூட்டர் படிப்பு என்னை வாசலிலேயே நிறுத்தியது. மைக்ரோபயாலஜி அவளை நிறுத்தியது.

மைக்ரோபயாலஜி என்று வீட்டில் சொல்லிப் பார்த்தேன். அப்பா முருங்கை விவசாயி. "மைக்ரோன்னா சின்னதுன்னுல்ல சொல்றாக? ஏத்தா, படிக்கிறதுதான் படிக்கிற, பெருசா ஒண்ணும் இல்லையா?" என்றார்.

கடைசியில் மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரியில் கண்டுபிடித்தோம்: புவியியல். எந்தப் பாடப் பிரிவு படித்தவரும் விண்ணப்பிக்கலாம். அந்த ஒற்றை வரியின் பெருந்தன்மையைப் பார்த்து அன்றே புவியியல் மேல் எங்களுக்குத் தீராத காதல் வந்துவிட்டது. அதில் என்ன சொல்லித்தருவார்கள் என்று இருவரும் யோசிக்கவே இல்லை.

எங்கள் ஒப்பீடு இப்படி என்றால், அப்பாக்களின் ஒப்பீடு வேறு. ஜெசிந்தாவின் அப்பா சவரிமுத்து மாமா நூற்பாலையில் ஃபிட்டர். இருவரும் எங்களைக் கூட்டிக்கொண்டு கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கினார்கள். எங்கே போனாலும் அப்பா முதலில் குழாயைத் தேடுவார். உப்புத் தண்ணீர் குடித்து வளர்ந்த மனிதர். ஒரு வாய் குடித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுவார். மாமா விடுதிக் கூரையைப் பார்த்தபடி நிற்பார். திருச்சியில் ஒரு நல்ல கல்லூரியை, "ஃபேன்ல பேரிங் போயிருச்சு மச்சான், சத்தத்தக் கேளுங்க. வேணாம்" என்று தள்ளிவிட்டார்.

மதுரைக் கல்லூரி தண்ணீரிலும் ஃபேனிலும் தேறியது. நேர்காணலுக்குப் போனோம். புவியியல் துறைத் தலைவி, நரைத்த கொண்டையும் கண்ணாடியுமாக இருந்த அம்மா, நால்வரையும் சேர்த்தே உள்ளே கூப்பிட்டார். ஜெசிந்தாவின் மதிப்பெண் சான்றிதழைப் பார்த்து நிமிர்ந்தார்.

"கணக்குல இவ்வளவு மார்க் வாங்கிட்டு ஜியாக்ரஃபிக்கு ஏம்மா வந்த?"

ஜெசிந்தா தரையைப் பார்த்தாள். பிறகு என்னைக் காட்டினாள். "அவளுக்குக் கணக்கு கெடையாது மேடம். இதுலதான் ரெண்டு பேரையும் சேத்துக்கிருவாங்க."

கணக்குப் பிரிவில் எங்கேயும் இடமில்லை என்றுதான் வீட்டில் சொல்லிவைத்திருந்தாள். மாமாவின் முகம் இறுகியது. மகளைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்துப் பார்க்க ஆசைப்பட்டவர் அவர்.

"இதுக்காகவாடி அம்புட்டு மார்க் எடுத்த?" என்றார் மெதுவாக. அவர் கத்தியிருந்தால்கூடத் தேவலை.

"நீ கணக்கே படிடி. நான் பாத்துக்கிறேன்" என்றேன். எதைப் பார்த்துக்கொள்ளப் போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. ஜெசிந்தா அழ ஆரம்பித்தாள். அவள் அழுதால் நானும் அழுவது வழக்கம் என்பதால் நானும் அழுதேன். வெளியே வரிசையில் நின்றவர்கள், இங்கே இடம் கிடைப்பது அவ்வளவு கஷ்டம் போலிருக்கிறது என்று பயந்திருப்பார்கள்.

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "இங்க கணக்கு டிபார்ட்மென்ட் மேல் மாடியில இருக்கு. சீட்டும் இருக்கு. அவ அங்க படிக்கட்டும், நீ இங்க படி. ஹாஸ்டல்ல யாரும் குரூப் கேட்டு ரூம் குடுக்கிறதில்லம்மா."

நாங்கள் நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அத்தனை ஊர் சுற்றி, அத்தனை தாள் நகலெடுத்து, எங்கள் ஒருவர் மூளைக்கும் இது எட்டவில்லை. அப்பாதான் முதலில் சிரித்தார். மாமா செத்த நேரம் விறைப்பாகவே இருந்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்:

"கணக்கு நடக்கிற மாடியிலயும் ஃபேன் இப்பிடித்தான் ஓடுங்களா?"

அவளுக்குக் கணக்கில் இடம் கிடைத்தது. விடுதியில் இருவருக்கும் ஒரே அறை. மேல் மாடியில் அவள் என்ன படிக்கிறாள் என்று எனக்குக் கடைசிவரை புரியவில்லை. மலை மழையை மறித்துவிடுகிற மழை மறைவுப் பகுதி பற்றிய பாடத்தை நான் கேட்டுவிட்டு ஓடிவந்து, "எங்க அப்பா தோட்டம் ஏன் காயுதுன்னு இன்னிக்குத்தான்டி தெரிஞ்சுச்சு" என்று மூச்சிரைக்கச் சொன்னபோது அவளும் கொட்டாவிதான் விட்டாள். கணக்கு வேண்டாம் என்பதற்காகப் பிடித்த படிப்பு, இப்படித்தான் மெல்ல மெல்ல எனக்குப் பிடித்துப்போனது. மாதத்துக்கு ஒருமுறை அப்பாவும் மாமாவும் முருங்கைக்காய்க் கட்டோடு சேர்ந்தே வருவார்கள். வரும் வழியெல்லாம் மற்றவர் பிள்ளைகளுக்கு எந்தக் கல்லூரி தோது என்று பேருந்தில் பாடம் எடுத்துக்கொண்டு வருவார்களாம்.

இருவரும் இப்போது இல்லை. விடுதியையும் இடித்துவிட்டார்கள். நான் நத்தம் பக்கம் ஒரு பள்ளியில் புவியியல் சொல்லித்தருகிறேன். ஜெசிந்தா கனடாவில் கணக்கு சொல்லித்தருகிறாள். எனக்குப் பகலாக இருக்கும்போது அவளுக்கு ஏன் இரவு என்பதை நான் நன்றாக விளக்குவேன். எந்த நேரத்தில் கூப்பிட்டால் இருவரும் விழித்திருப்போம் என்று அவள்தான் கணக்குப் போட்டுச் சொல்லுவாள். அந்த விடுதிக் காலம், எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் விடிந்துகொண்டிருந்த காலம்.