எனக்கு வந்த கால்வலி

ஒன்பது வயதில் எனக்குக் கால்வலி வந்தது. முழங்காலுக்குக் கீழே, முன் எலும்பை ஒட்டி உள்பக்கமாக வலிக்கும். காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது உயிர் போகும். ஓட ஆரம்பித்தால் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், ஓடி நின்றதும் இரண்டு மடங்காகத் திரும்பி வரும். இன்றைக்குக் கேட்டாலும் இதே மாதிரி ஒப்பிப்பேன். ஆனால் ஒருநாள்கூட எனக்கு அது வலித்ததில்லை. வலித்தது அம்மாவுக்கு. பெயர் மட்டும்தான் என்னுடையது.

அம்மாவுக்குப் போலீஸ் வேலையில் சேர வேண்டும் என்று ஆசை. கல்யாணத்துக்கு முன்னால் ஒரகடத்தில், வண்டிகளுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் வேலை பார்த்தவள். நான் பிறந்ததும் அது நின்றுபோனது. அப்பாவுக்கு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. அப்பாவின் அக்கா, அதாவது என் அத்தை, எங்களோடு பென்னலூரில் இருந்தார். கம்பெனியில் அப்பாவுக்கு ஒரு சூப்பர்வைசர் என்றால், வீட்டில் எங்கள் எல்லோருக்கும் அத்தை. அம்மா தயங்கித் தயங்கி ஒருமுறை பேச்செடுத்தபோது அப்பா, "போலீசுன்னா ராவும் பகலும் டூட்டி. நானும் ஷிப்ட்டு, நீயும் ஷிப்ட்டுன்னா பாப்பாவ யாரு பாத்துக்கறது? வுடு அத" என்றார். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை என்றால் அந்த விஷயம் முடிந்தது என்று அர்த்தம்.

அம்மா விடவில்லை. தன் அம்மா வீட்டுக்குப் போகிற சாக்கில் விண்ணப்பம் போட்டு, எழுத்துத் தேர்வும் எழுதித் தேறிவிட்டாள். மிச்சம் இருந்தது உடல் தகுதித் தேர்வு. ஓட வேண்டும், நீளம் தாண்ட வேண்டும். வயது வரம்பு அந்த வருஷத்தோடு முடிகிறது. இதில் தவறினால் மறுபடி கிடையாது.

எங்கள் தெருவில் கல்யாணமான பெண் விடியற்காலையில் எழுந்து ரோட்டில் ஓடினால், மத்தியானத்துக்குள் சேதி ஊரைச் சுற்றி வந்துவிடும். அதற்கு அம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள். அந்த வழி நான்தான்.

"பாப்பா நல்லா ஓடுதாம். ஸ்கூல் போட்டில சேக்கறாங்களாம். காலைல பிராக்டீசு பண்ணணும்னு டீச்சர் சொல்லிச்சு" என்றாள் ஒருநாள், சோறு போட்டுக்கொண்டே. டீச்சர் அப்படிச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. ஆனாலும் புகழ்ச்சியை எழுந்து நின்று மறுக்கிற வயதா அது? அப்பாவுக்கு ஒரே பெருமை. பெண் பிள்ளையைத் தனியாக அனுப்ப முடியுமா, அம்மா கூடப் போகட்டும் என்று முடிவானது. இப்படியாக, பயிற்சி எனக்குத்தான் என்று வீடே நம்பியது. எல்லோரையும்விட உறுதியாக நம்பியவள் நான்.

சிப்காட் தொழிற்பேட்டையின் சிமெண்டு ரோட்டில் கம்பெனி பஸ்கள் வருவதற்கு முன்னால் ஓடுவோம். முதல் சிறுபாலம் வருவதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிடும். "நீ இப்டி உக்காரு பாப்பா. உன் பங்க அம்மா ஓடிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு அம்மா போவாள். என் பங்கு வாரத்துக்கு வாரம் பெரிதாகிக்கொண்டே போனது. தூரத்தில் அப்பாவின் கம்பெனி பஸ் தெரிந்தால் மட்டும், அம்மா சட்டென்று துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு நடக்க ஆரம்பிப்பாள். என்னைப் பார்த்து "ஓடு, ஓடு" என்று கை தட்டுவாள். பஸ் தாண்டிப் போகும்வரை நான் ஓடுவேன்.

பிறகு வலி வந்தது. கட்டிலிலிருந்து இறங்கும்போது அம்மா உதட்டைக் கடித்துக்கொள்வதை அத்தை ஒருநாள் பார்த்துவிட்டார். "இன்னா ஆச்சு?" என்றார். "எனுக்கு ஒண்ணும் இல்ல அண்ணி. பாப்பாவுக்குத்தான் கால் வலியாம், ராவெல்லாம் முழிச்சிக்கினு இருந்தது" என்றாள் அம்மா. ராத்திரி முழுக்க அடித்துப் போட்ட மாதிரி தூங்கியவள் நான். அன்றிலிருந்து அத்தையின் கண்ணெதிரே என் காலில் தைலம் தேய்க்கப்பட்டது, ஐஸ் கட்டி வைக்கப்பட்டது. கதவைச் சாத்திக்கொண்ட பிறகு மிச்சத் தைலம் உரிய காலுக்குப் போனது. பள்ளியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

வலி அடங்கும், இரண்டு நாள் ஓடினால் திரும்பி வரும். கடைசியில் அம்மா என்னை ஸ்ரீபெரும்புதூர் எலும்பு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போவதென்று கிளம்பினாள். "எலும்பு சமாச்சாரம், நானும் வரேன்" என்று அத்தையும் கிளம்பிவிட்டார். பஸ்ஸில் அம்மா என் காதருகில் குனிந்து, "ஓடறப்ப முன்னங்கால்ல வலிக்குதில்ல?" என்றாள். "இல்லியே" என்றேன். "கொஞ்சம் வலிக்கும். யோசிச்சிப் பாரு" என்றாள். நான் வழியெல்லாம் யோசித்தேன்.

டாக்டர் என் எலும்பின் ஓரமாகக் கட்டைவிரலால் அழுத்தினார். வலிக்கிறது என்றேன். முழங்காலை அழுத்தினார், அதுவும் வலிக்கிறது என்றேன். சந்தேகம் வந்து பாதத்தைத் தொட்டார். நான் முந்திக்கொண்டு ஆமாம் என்றேன். அவர் கையை எடுத்துவிட்டு அம்மாவைக் கேட்டார். அம்மா கடகடவென்று சொன்னாள். முதல் அடி, விட்டுக்கொடுப்பது, நின்றதும் திரும்பி வருவது, எதையும் விடவில்லை. "பாப்பாவே இவ்ளோ வெவரமா சொல்லிச்சா?" என்றார் டாக்டர். அத்தை அம்மாவின் பக்கம் திரும்பினார். அம்மாவின் விரல்கள் என் தோளில் இறுகின.

சிமெண்டுத் தரையில் ஓடக் கூடாது, தேய்ந்த ஷூ ஆகாது, திடீரென்று தூரத்தைக் கூட்டியதால்தான் எலும்பை ஒட்டிய இடம் புண்ணாகியிருக்கிறது, அதோடு ஓடிக்கொண்டே இருந்தால் எலும்பில் விரிசலே விழும் என்றார். வலி அடியோடு போகிறவரை ஓட்டம் கிடையாது.

"பந்தயம் வருது சார்" என்றாள் அம்மா.

"அடுத்த வருஷம் ஓடட்டும்."

"அடுத்த வருஷம் கெடையாது சார்."

"ஏன் கெடையாது?" என்று அத்தை குறுக்கே வந்தார். "புள்ளைக்கு ஒம்பது வயசுதான ஆவுது."

அன்றோடு என் ஓட்டம் நிறுத்தப்பட்டது. அம்மா பாத்திரம் கழுவும்போதும், துணி உலர்த்தும்போதும், வாசலில் மாட்டியிருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கோ பொறுக்க முடியாத ஆத்திரம். எனக்கு வலிக்கவே இல்லை, என்னை எப்படி நிறுத்தலாம்? நான் சாப்பிட மாட்டேன் என்று தட்டைத் தள்ளிவிட்டேன். இரண்டாவது வேளையும் தள்ளியதும் அத்தை இறங்கி வந்தார். மண் தரையில் மட்டும் ஓடலாம், ஆனால் அவரும் வந்து பார்ப்பார்.

அந்த வருஷம் மழை பொய்த்து எங்கள் ஊர் ஏரி வற்றிக் கிடந்தது. அதன் உள்ளே மண் மெத்தென்று இருக்கும். அத்தை தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கரையில் உட்கார, நான் மட்டும் சுற்றிச் சுற்றி ஓடினேன். என் பங்கை ஓட ஆளில்லை. அம்மா கையைப் பிசைந்துகொண்டு அவர் பக்கத்தில் நின்றாள். அத்தை அறியாமல் செய்த நன்மை என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான். அவர் காவலிருந்த அந்த நாட்களில் அம்மாவின் கால் முக்கால்வாசி ஆறிவிட்டது. பிறகு பனி ஒத்துக்கொள்ளாமல் அத்தைக்குச் சளி பிடித்தது. மறுநாளே அம்மா புது ஷூ வாங்கி வந்தாள்.

"இது இன்னா, பாப்பாவோட ரெண்டு காலும் ஒண்ணுலியே நொழைஞ்சிடும் போல கீது" என்று ஷூவைத் தூக்கிப் பார்த்தார் அத்தை.

"வளர்ற புள்ள அண்ணி."

உள்ளே துணி திணித்து, அதை மாட்டிக்கொண்டு வாத்து மாதிரி நான் வீட்டிலிருந்து கிளம்புவேன். ஏரிக்குள் இறங்கியதும் அம்மா கழற்றி வாங்கிக்கொள்வாள். எனக்கு வெறுங்கால்தான் வசதி என்று சொன்னாள், நானும் ஒத்துக்கொண்டேன். விட்ட நாட்களைப் பிடிக்க வேண்டும் என்று அம்மா வெறி பிடித்த மாதிரி ஓடினாள், தாண்டினாள். தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது வலி மறுபடி வந்து உட்கார்ந்துகொண்டது.

எனக்கு மாவட்டப் போட்டி என்று வீட்டில் சொல்லியிருந்தாள். அத்தை என் நெற்றியில் திருநீறு பூசி, இரண்டு முன்னங்காலிலும் பூசிவிட்டார். காஞ்சிபுரத்துக்குப் போனோம். மைதானத்து வாசலில் நீண்ட வரிசை. எல்லோரும் பெரிய பெண்கள். என் வயதுப் பிள்ளைகள் வெளியே அப்பாமார்களோடு நின்றார்கள். எங்கே பார்த்தாலும் காக்கி. அம்மா சுவரோரமாக உட்கார்ந்து, பழைய சேலைக் கிழிசலைத் தன் காலில் இறுக்கிச் சுற்றினாள். பிறகு என் காலிலிருந்து ஷூவைக் கழற்றி, உள்ளேயிருந்த துணியை உருவிப் போட்டுவிட்டு, தான் மாட்டிக்கொண்டாள்.

"பசங்கள உள்ள வுட மாட்டாங்களாம் பாப்பா. உன் பங்க அம்மா ஓடிட்டு வந்துடறேன்."

அப்போதுதான் எனக்கு முதன்முறையாகப் பயம் பிடித்தது. பிராக்டீஸில் என் பங்கை ஓடலாம். பந்தயத்திலேயே ஓடலாமா? ஒருத்தருக்குப் பதில் இன்னொருத்தர் பரீட்சை எழுதினால் போலீஸ் பிடித்துக்கொண்டு போகும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். இங்கே பந்தயம் நடத்துவதே போலீஸ். நான் வெறுங்காலோடு, யார் கண்ணிலும் படாமல், ஒரு மரத்தடியில் ஒடுங்கி உட்கார்ந்தேன். உள்ளே விசில் ஊதும்போதெல்லாம் அம்மாவைப் பிடித்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

வெயில் ஏறிய பிறகு அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். முகம் வெளுத்திருந்தது. "முடிஞ்சிது பாப்பா" என்று மட்டும் சொன்னாள். பஸ்ஸில் ஏறியதும் என் தோளிலேயே சாய்ந்து தூங்கிவிட்டாள். வீட்டில் என்ன சொல்ல வேண்டும் என்று அவள் சொல்லித் தரவில்லை.

வாசலிலேயே அத்தை பிடித்துக்கொண்டார். "இன்னாடி, செயிச்சியா?"

எனக்குப் பின்னால் அம்மா அசையாமல் நின்றாள். அம்மாதான் ஓடினாள் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் மாட்டப்போவது நான் அல்லவா?

"ரெண்டாவது வந்தேன்" என்றேன்.

"மொதல்ல வந்தது யாரு?"

"காஞ்சிபுரத்துப் பொண்ணு. அவளுக்குக் காலு நீளம்."

அப்பா அன்றைக்கு பிரியாணி வாங்கி வந்தார். அம்மா குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு வெகுநேரம் வெளியே வரவில்லை. மறுநாளிலிருந்து ஓட்டம் இல்லை. ஏன் என்று கேட்டால், "போதும் பாப்பா" என்றாள். குற்றம் நடந்த இடத்துக்கு மறுபடி போகக் கூடாது என்பதற்காகத்தான் இருக்கும் என்று நான் புரிந்துகொண்டேன். யாரிடமும் மூச்சு விடவில்லை. காக்கிச் சட்டையைக் கண்டால் கடைக்குள் நுழைந்துகொண்டேன்.

சில மாதங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பா வீட்டில் இருக்கும்போது, வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. இறங்கியவர் போலீஸ்காரர். அம்மாவின் பெயரைச் சொல்லி, "இந்த வூடுதான? கொஞ்சம் விசாரிக்கணும்" என்றார். அப்பா எழுந்தார். அத்தை அடுப்படியிலிருந்து வந்தார். அம்மா உள்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் வாயைத் திறப்பதற்குள் என்னால் அடக்க முடியவில்லை. ஓடிப்போய் அவர் முன்னால் நின்று அழுதேன்.

"நான் ஓடல சார். எனக்குப் பதிலா அம்மாதான் ஓடிச்சு. நான் வெளிய உக்காந்துகினு இருந்தேன்."

"இன்னாது?" என்றார் அப்பா.

போலீஸ்காரர் சிரித்துவிட்டார். "ஆமா பாப்பா, உங்கம்மாதான் ஓடுனாங்க. செலக்ட்டும் ஆயிட்டாங்க. அதான் வெரிபிகேசனுக்கு வந்துகீறேன். அடுத்து ட்ரெய்னிங்குக்குக் கூட்டிக்கினு போவாங்க."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அத்தையும் பார்த்தார். அம்மா தலையைக் குனிந்துகொள்வாள் என்று நினைத்தேன், அவள் குனியவில்லை. எனக்குப் போலீஸ்காரர் சொன்னதில் ஒன்றே ஒன்றுதான் காதில் விழுந்தது. கூட்டிக்கொண்டு போவார்கள். என் குற்றத்துக்காக அம்மாவைக் கொண்டுபோகப் போகிறார்கள். ஓடிப்போய் அவள் வலது காலை இரண்டு கைகளாலும் இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

அம்மா ஒருகணம் கண்ணை மூடித் திறந்தாள். "மெல்லப் புடி பாப்பா" என்றாள். பிறகு அப்பாவை நேராகப் பார்த்துக்கொண்டே, "எனுக்குக் கால் வலிக்குது" என்றாள்.

அப்பா குனிந்து அவள் காலைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தைலம் தேய்த்தது எனக்கு, டாக்டர் பார்த்தது என்னை, அத்தை திருநீறு பூசியதும் என் காலில். அந்த வலி என்னுடையதாயிற்றே, அதை அம்மா ஏன் இப்போது தன்னுடையது என்கிறாள்?