உடம்புக்குத் தெரியாத கண்

ஸல்ஹாவுக்கு ஒரு கண் ஐந்து வயதில் அம்மையோடு போனது. மற்றக் கண்ணில், சூடடிக்கும் களத்தில் நெல்லுமி பட்டுப் புண்ணாகி வெள்ளை விழுந்தது. கிண்ணியாத் துறையில் ஆட்களையும் வாகனங்களையும் அக்கரை சேர்க்கும் மிதவைப் பாதையில் கயிறு இழுத்த ஆதம்பாவா, பெண்சாதியை இரண்டு வருடம் கையில் பிடித்துக்கொண்டே திரிந்தார். அறுபத்தெட்டாம் ஆண்டு கொழும்பில், இறந்துபோன ஒருவரின் கருவிழியை எடுத்து அவளுக்கு வைத்துத் தைத்தார்கள். அவர் யார், யாருடைய பிள்ளை என்று கேட்டாள். அதைச் சொல்ல ஏலாது என்றார்கள்.

கட்டு அவிழ்த்ததும் முதலில் கண்டது ஆதம்பாவாவின் தாடியை. அது நரைத்திருந்தது.

வீட்டுக்கு அனுப்பும்போது டொக்டர் சொன்ன கதைதான் அவளைப் பிடித்துக்கொண்டது.

"கருவிழிக்குள்ள இரத்த ஓட்டம் இல்லையம்மா. அதாலதான் இது பிறத்தியாரின்ர எண்டு உடம்புக்குத் தெரியாமல் இருக்கு. சிவப்பு நரம்பு உள்ளுக்குப் போனால் தெரிஞ்சிடும். தெரிஞ்சால் தள்ளப் பாக்கும்."

"எப்ப தெரியும் டொக்டர்?"

"சிலருக்கு ஒரு மாசம், சிலருக்கு ஒரு வருசம், சிலருக்கு இல்லவே இல்லை. ஏனெண்டு எங்களுக்கும் விளங்கேல்லை. அதைத் தேடத்தான் ஒவ்வொருத்தரின்ர நாளையும் இந்தக் கொப்பியில எழுதிறம். கண் சிவந்தால், கூசினால், அண்டைக்கே வாங்கோ."

உடம்புக்குத் தெரியக்கூடாது என்ற ஒன்றை மட்டுமே அவள் ஊருக்குக் கொண்டுவந்தாள். அன்றிலிருந்து அந்தக் கண்ணைப் பற்றி வீட்டில் யாரையும் வாய் திறக்க விடவில்லை. பார்க்க வந்த பெண்களிடம் ஆதம்பாவாவின் அக்கா ரபீக்கா, "மௌத்தான ஆளிட கண்" என்று தொடங்கினால் ஸல்ஹா ஓடிப்போய் அவள் வாயைப் பொத்துவாள்.

"மெதுவாக் கதைங்க மதினி. உடம்புக்குக் கேட்டிரும்."

"உன்ட உடம்புக்குக் காது எங்க புள்ள இருக்கு? என்ட மாப்புள்ளயப் போலயாக்கும், வேண்டாத கதையெண்டா மட்டும் நல்லாக் கேக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். ஸல்ஹா சிரிக்கவில்லை. விடியும்போதெல்லாம் முற்றத்தில் நின்று துறையைப் பார்ப்பாள். பாதைக் கயிறு தண்ணீருக்கு மேலே மெல்லிய கோடாகத் தெரிந்தால்தான் அவளுக்கு மூச்சு வரும்.

ஏழாம் மாதம் ஒருநாள் கயிறு தெரியவில்லை. கண்ணாடியைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்தாள். வெள்ளை விழியிலிருந்து ஒரு சிவப்பு நூல் உள்ளே ஊர்ந்துகொண்டிருந்தது. சொன்னால் ஆதம்பாவா அலறுவார், ஊர் கூடும், உடம்பு இன்னும் அறியாததையும் அறிந்துவிடும். சொல்லாவிட்டால் உடம்பு அரைகுறைச் சந்தேகத்தோடு விட்டுவிடக்கூடும். முக்காட்டை இழுத்துவிட்டு, வெளிச்சத்துக்கு முதுகு காட்டி, பேசாமல் வேலை செய்தாள்.

மூன்றாம் நாள் ரபீக்கா வந்தாள். ஸல்ஹா ஊற்றிய தேத்தண்ணி கோப்பைக்கு வெளியே போனது.

ரபீக்கா முக்காட்டை விலக்கினாள். பகிடிக்காரியின் முகம் செத்துப்போயிற்று.

"எத்தின நாள் புள்ள?"

ஸல்ஹா உதட்டில் விரலை வைத்தாள்.

ஆதம்பாவா பாதையைத் துறையிலேயே விட்டுவிட்டு ஓடிவந்தார். திருகோணமலைக்குப் போய்க் கொழும்பு ரயில் ஏறினார்கள். டொக்டர் விளக்கடித்துப் பார்த்தார்.

"ஏனம்மா உடனே வரேல்லை?"

"சொன்னா உடம்புக்குத் தெரிஞ்சிருமெண்டு," ஸல்ஹா ரகசியம்போலச் சொன்னாள்.

டொக்டர் சிரிக்கவில்லை. "அதுக்கு முதலே தெரிஞ்சிட்டுது. நீங்கள்தான் எங்களுக்குச் சொல்லேல்லை."

மணித்தியாலத்துக்கு ஒருதரம் மருந்து விட்டார்கள். பன்னிரண்டு நாளில் சிவப்பு பின்வாங்கியது. ஓரத்தில் புகை மட்டும் தங்கிவிட்டது. கொப்பியில் அவள் பெயருக்கு நேரே, மூன்று நாள் பிந்தி வந்தவர் என்று டொக்டர் எழுதினார்.

அதற்குப் பிறகு அவள் எந்த விடியலிலும் தனியே கண் திறக்கவில்லை. மூடிய கண்ணோடு வாசலில் இருப்பாள். அடுத்த வளவிலிருந்து ரபீக்கா வருவாள்.

"திற."

திறப்பாள்.

"சொல்லுங்க மதினி."

"சத்தமாவா?"

"சத்தமாச் சொல்லுங்க."

"சிவப்பில்ல."

பதினொரு வருடம் இப்படி நடந்தது. எண்பதில் ரபீக்கா மௌத்தானாள். மறுநாள் விடிய, யார் பார்த்துச் சொல்வார்கள் என்று தெரியாமல் ஸல்ஹா கண்ணை இறுக்கிக்கொண்டு இருந்தாள். பாதைக்குப் போகாமல் ஆதம்பாவா வந்து அவள் முன்னால் குந்தினார்.

"திற புள்ள," என்றார்.

அவருடைய மணிக்கட்டைத் தடவிப் பிடித்துக்கொண்டு திறந்தாள்.