என் தொப்பை பேசிய ஸ்பானிஷ்

கங்கைகொண்டானில் நான் வேலை பார்த்த ஆலையை மூடிவிட்டார்கள். ஸ்பெயின் நாட்டுக் காற்றாலைக் கம்பெனி ஒன்று ஸ்பானிஷ் மொழி தெரிந்த ஆட்களைத் தேடுகிறது, ஆனால் நாற்பது வயதுக்குள் இருக்க வேண்டும் என்றார்கள். எனக்கு நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. பாளையங்கோட்டை மொழிப் பள்ளியில், கல்லூரிப் பிள்ளைகளுக்கு நடுவே அண்ணாச்சியாகப் போய் உட்கார்ந்தேன். முதல் நாள் சொல்லித்தந்த வாக்கியம், 'நான் வேலை தேடுகிறேன்.' வகுப்பிலேயே அதை உணர்ச்சியோடு சொன்னவன் நான்தான்.

பள்ளியின் மடிக்கணினியில்தான் நேர்காணல். திரையில் அதிகாரியின் முகம் தெரிந்ததும் விருட்டென்று எழுந்து நின்றேன். பெரியவர்கள் வந்தால் எழுந்து நிற்பது சிறுவயதில் பிரம்பு ஏற்றிய பழக்கம். நின்றபடியே ஸ்பானிஷில் முழங்கினேன். அவர் கையை மேலும் கீழும் அசைத்தார். ஆசீர்வதிக்கிறார் என்று நினைத்து இன்னும் நிமிர்ந்தேன்.

டீச்சர் ஓடிவந்து சட்டையைப் பிடித்து இழுத்தார். "அண்ணாச்சி, உக்காருங்க! அவருக்கு உங்க தொப்பை மட்டுந்தான் தெரியுது!"

உட்கார்ந்தேன். படித்த ஸ்பானிஷ் எல்லாம் எழுந்து போய்விட்டது. அதன்பின் அதிகாரி கேட்ட எதற்கும் 'சார்' என்பதைத் தவிர என் வாயில் ஒன்றும் வரவில்லை.

வேலை கிடைக்கவில்லை. நாற்பது வயது மட்டும் சொன்னபடி வந்துவிட்டது.

டீக்கடையில் நண்பர்கள் கேட்கிறார்கள், "என்ன வே, இப்ப என்ன செய்யுதீரு?"

அந்த முதல் வாக்கியத்தை ஸ்பானிஷில் சொல்கிறேன். "பெரிய ஆளுதான் வே!" என்று சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன். அதைத் தமிழில் சொல்லத்தான் எனக்கு இன்னும் வாய் வரவில்லை.