அண்ணன் பெயரிலான புலமைப்பரிசில் யாருக்கு?

இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. அவரைப் பற்றி எழுதும் பொறுப்பை வீட்டில் என்னிடம் கொடுத்ததற்குக் காரணம் எழுத்துத் திறமையல்ல, எதையும் விடாமல் கேட்டுத் துருவும் என் குணம்தான். "நம்ம வீட்டுப் பொலிசு நான் இல்ல, இவதான்" என்று அண்ணனே பலரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். ஹட்டனில் மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். அங்கே இந்தக் குணம் குறைய வழியே இல்லை.

அண்ணன் டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் மேட்டு லயத்து வரிசை வீட்டில் பிறந்தார். அப்பா செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டினார், அம்மா கொழுந்து பறித்தார். அண்ணன் உயர்தரம் வரை படித்ததே அன்று எங்கள் லயத்தில் பெரிய விஷயம். அவர் பொலிஸில் சேர்ந்தபோது எல்லோருக்கும் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம். காக்கிச் சட்டையைக் கண்டால் கதவைச் சாத்துகிற இடத்தில், அதே சட்டை எங்கள் வீட்டுக் கொடியில் காய்ந்தது. அப்பா காலமான பிறகு குடும்பத்தைத் தாங்கி, எனக்குக் கலியாணம் செய்து வைத்த பின்தான் பூண்டுலோயாவிலிருந்து அண்ணியைக் கைப்பிடித்தார். சிங்களத்தில் எழுதப்படும் வாக்குமூலத்தைத் தோட்டத்துச் சனங்களுக்குத் தமிழில் வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்க மாட்டார் என்று அவரோடு வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள்.

கினிகத்தேனைப் பக்கம் அவர் கடமையில் இருந்த காலத்தில்தான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. விடுமுறைக்கு வரும்போதெல்லாம் கால் நிறைய அட்டைக்கடி. கொழுந்து பறிக்கிறவர்களை அட்டை கடித்தால் சரி, ஜீப்பில் போய் வருகிறவரை எங்கே பிடித்துக் கடிக்கிறது? மருந்து போட்டுவிடும் சாக்கில் கேட்டேன்.

"அட்டைக்கு பொலிசு, களவாணின்னு பேதம் கெடையாது புள்ள" என்று மழுப்பிவிட்டார். அண்ணியும் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனார்.

போன வருடத்து அடைமழையில், மண் சரியத் தொடங்கிய ஒரு லயத்திலிருந்து அண்ணனும் சக பொலிஸாரும் சனங்களை வெளியேற்றினார்கள். நடக்க முடியாத ஒரு பெரியவர் உள்ளே இருப்பதாகக் கேள்விப்பட்டு அண்ணன் மறுபடியும் போனார். மலை இருவரையும் சேர்த்து மூடிவிட்டது. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னால் முடியவில்லை.

அண்ணன் பெயரில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஒரு புலமைப்பரிசில் நிதியம் தொடங்குவோம் என்று அண்ணிதான் சொன்னார். உறவினர்களும் அவரோடு கடமையாற்றியவர்களும் கைகொடுத்தார்கள். தோட்டக் கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்ற எங்கள் தாய்மாமா நிபந்தனைகளை எழுதினார். அவற்றுள் ஒன்று, பெற்றோர் மீது பொலிஸ் வழக்கு எதுவும் இருந்திருக்கக் கூடாது என்பது. பொலிஸ்காரர் பெயரிலான நிதியம் என்பதால் எங்களில் யாருக்கும் அது தவறாகப் படவில்லை.

சில வாரங்களில் கினிகத்தேனைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு பெண் என்னைத் தேடி மருந்துக்கடைக்கு வந்தார். மகள் சாதாரண தரப் பரீட்சையில் நன்றாகச் சித்தியடைந்திருக்கிறாள். ஹட்டனில் விஞ்ஞானப் பிரிவில் படிக்க ஆசைப்படுகிறாள், வீட்டில் வசதியில்லை.

"எங்க வீட்டுக்காரரு கசிப்புச் சாராயம் வடிச்சாருக்கா. பொய் சொல்லல. ஒங்க அண்ணன்தான் பிடிச்சாரு. இப்ப அத விட்டுட்டாரு. எங்க புள்ள கேக்கலாமா, கேக்கக்கூடாதா?"

பிடித்தவர் பெயரிலேயே உதவி கேட்டு வந்திருக்கிறாரே என்று எனக்கு வியப்பு. "எங்க அண்ணன் மேல ஒங்களுக்குக் கோபம் இல்லையா?" என்று கேட்டேன்.

"அவரப் பிடிச்ச அன்னைக்கி விடியக் காத்தால பீலிக்குத் தண்ணி எடுக்கப் போனேன். தொப்பியக் கையில வச்சிக்கிட்டு தேயிலைக்குள்ள குந்தியிருந்தாரு. நான் கத்தப் போனேன். 'சத்தம் போடாதீங்கம்மா, புள்ள ஸ்கூலுக்குப் போகட்டும், அப்பறமா வாறேன்'னாரு. அவ ரோட்டுல எறங்கி மறையிற வரைக்கும் அட்டைக்கடியில அங்கனயே இருந்தாருக்கா."

என் குணம் விடவில்லை. அண்ணனோடு கடமையாற்றிய சார்ஜன்ட் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்து விசாரித்தேன். பிள்ளைகள் உள்ள வீடென்றால் அண்ணன் எப்போதும் அப்படித்தானாம். காத்திருந்த நேரத்தில் ஆட்கள் தப்பியோடி, மேலதிகாரியிடம் ஏச்சு வாங்கியதும் உண்டாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லோரும் கூடினோம். நான் விஷயத்தைச் சொன்னேன். மாமா அசையவில்லை.

"பாவந்தான், இல்லேங்கல. ஆனா நாளைக்கி நாலு பேரு என்ன சொல்லுவாங்க? கசிப்புக்காரன் மகளுக்கு பொலிசுக்காரன் பேருல காசான்னு கேக்க மாட்டாங்களா?"

மூலையில் உட்கார்ந்திருந்த அம்மா, "அந்தக் கணக்குல பாத்தா ஒன் மருமகனுக்கே கெடைச்சிருக்காது தம்பி" என்றார்.

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மா மெதுவாகச் சொன்னார். நான் கைக்குழந்தையாக இருந்தபோது, அடுப்புக்காகத் தோட்டத்து மரத்தில் கிளை வெட்டினார் என்று அப்பாவைப் பொலிஸார் பிடித்துக்கொண்டு போனார்களாம்.

"ஒங்க அண்ணன் வெள்ளச் சட்ட போட்டு, ஸ்கூலுக்குப் போக வாசல்ல நின்னான். அவன் கண்ணு முன்னாலதான் இழுத்துட்டுப் போனாங்க. அன்னைக்கி அவன் ஸ்கூலுக்குப் போகல. அதுக்கப்பறமும் ரொம்ப நாளைக்கிப் போகல. கூடப் படிக்கிறதுங்க கேலி பண்ணுமேன்னு."

அப்படிப்பட்டவர் ஏன் பொலிஸிலேயே போய்ச் சேர்ந்தார் என்று அம்மாவிடம் கேட்டேன். "அதான் எனக்கும் தெரியலடி. நீயாவது கேட்டிருக்கலாமே" என்றார். எத்தனையோ கேட்டவள், அதை மட்டும் அண்ணனிடம் கேட்டதேயில்லை.

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு பேனாவை எடுத்து அந்த நிபந்தனையைத் தானே வெட்டினார்.

மண்ணைத் தோண்டி அண்ணனை எங்களிடம் சேர்த்த தோட்டத்து மக்களுக்கும், இறுதிவரை உடன் நின்ற பொலிஸ் நண்பர்களுக்கும், அன்னதானத்துக்கு அரிசி பருப்போடு வந்து சமைத்தும் தந்த சிங்கள அயலவர்களுக்கும், நிதியத்துக்கு உதவிய அனைவருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. நிதியத்தின் கதவு எந்தத் தோட்டத்துப் பிள்ளைக்கும் திறந்தே இருக்கும். பெற்றோரைப் பற்றி எதுவும் கேட்க மாட்டோம்.

போன மாதம் அந்தப் பிள்ளை தாய் தகப்பனோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். தகப்பன் உள்ளே வரக் கூச்சப்பட்டு வெளியிலேயே நின்றார். அம்மா போய்க் கையைப் பிடித்து அழைத்துவந்து தேநீர் கொடுத்தார். பிள்ளை அண்ணியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்.

"ஐயா எப்படி இருப்பாருங்க? நான் அவர ஒரு தடவகூடப் பாத்ததில்ல."

அவள் பார்த்துவிடக் கூடாது என்றுதானே அண்ணன் அன்று அத்தனை பாடுபட்டார். அண்ணி எழுந்து போய், சுவரிலிருந்த அண்ணனின் படத்தைக் கழற்றி அவள் மடியில் வைத்தார்.